பள்ளியில் தன்னார்வப் பணி செய்யும் கிறிஸ்தவ இளைஞர் ஊழியர்கள் அங்கே ஏன் பிரசங்கம் செய்வதில்லை?

இளைஞர் ஊழியம் என்பது பதின்வயதினரோடு பழகி, அவர்களை விசுவாசத்தில் வளர்க்கும் திருச்சபைப் பணி. அமெரிக்காவில் இந்த ஊழியர்கள் பலர் அரசுப் பள்ளிகளில் தன்னார்வலர்களாகவும் உதவுகிறார்கள்: உணவு இடைவேளையில் மேற்பார்வை, கணக்கில் தடுமாறும் மாணவனுக்குத் துணை, ஆட்டம் முடிந்ததும் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போடுவது. அங்கே வேதம் போதிப்பதில்லை. அரசு எந்த மதத்தையும் தன் மதமாக நிறுவக் கூடாது என்கிறது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். பள்ளியின் சார்பில் நிற்கும் தன்னார்வலரையும் அது கட்டுப்படுத்தும்.

பிறகு எதற்குப் போகிறார்கள்? என்னைக் கேட்டால், ஊழியத்தின் உயிர்நாடியே இதுதான். நேற்றுப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர் பிள்ளை வளர்ப்பைப் பற்றி அறிவுரை சொன்னால் எரிச்சல் வருகிறது. ஆண்டுக்கணக்கில் நல்லது கெட்டதற்கு வந்து நின்றவர் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கிறோம். ஜிம் ரேபர்ன் 1941இல் நிறுவிய 'யங் லைஃப்' என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ இளைஞர் ஊழிய அமைப்பு வளர்ந்தது, முதலில் பழகி நம்பிக்கையைப் பெறும் இந்த அணுகுமுறையில்தான்.

பள்ளியில் ஜெபத்துக்கே தடை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, மாணவர்கள் தாங்களாக ஜெபிக்கலாம், பாடத்துக்குத் தொடர்பில்லாத பிற மன்றங்களை அனுமதிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பாடவேளைக்கு வெளியே வேதாகம மன்றமும் நடத்தலாம். வெளியார்தான் அதை முன்னின்று நடத்தக் கூடாது.