தண்டல், டிரிம்மர், டாங்கிமேன்: நீராவிக் கப்பலில் யாருக்கு என்ன வேலை? (கேள்வி பதில்)

19-ஆம் நூற்றாண்டுப் பயணிகள் நீராவிக் கப்பல்களின் பணியாளர் பட்டியல்களைப் படித்துப் படித்தே கண்ணாடி போட்டவன் நான். அதிலும் பிரிட்டிஷ் கப்பல்கள்தான் எனக்குப் பழக்கம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐயா, சூயஸ் வழியாகப் போன ஒரு கப்பலின் பட்டியலில் "டிண்டல்" என்று ஒருவர் இருக்கிறார். எங்கள் தூத்துக்குடியில் தண்டல் என்றால் தோணிக்கே தலைவர். அப்படியானால் இவர் கேப்டனா?

இல்லை. சொல் அதேதான், பதவி வேறு. தோணியில் தண்டலுக்கு மேல் ஆளில்லை. நீராவிக் கப்பலில் இந்திய மாலுமிகளுக்குத் தலைவர் சாரங்கு, அவருக்கு அடுத்தவர்தான் தண்டல். சாரங்கைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் திரட்டி வருவதே அவர்தான். அதனால் ஒருவனுக்கு வேலை கிடைப்பதும் போவதும் பெரும்பாலும் அவர் கையில்.

அவர்களுக்குக் கீழே மேல்தளத்துச் சாதாரண மாலுமிகளான கலாசிகள். சுக்கான் பிடிப்பவரை ஆங்கிலேயர் "சீகன்னி" என்று எழுதினார்கள். நம் சுக்கானைச் சேர்ந்த சொல்தான். பண்டாரி சமையல்காரர். "கசாப்" என்று பார்த்தால் கறிக்கடை நினைவு வரும், ஆனால் அவர் சாமான் அறையின் பொறுப்பாளர். டோபாஸ், துப்புரவு செய்பவர். எஞ்சின் பக்கத்துக்கும் தனியாக ஒரு சாரங்கும் தண்டல்களும் உண்டு. உங்கள் ஆள் எந்தப் பக்கம் என்று பட்டியலை இன்னொரு முறை பாருங்கள்.

அண்ணா, ஒரே கப்பலில் நிறைய டிரிம்மர்கள், ஒரே ஒரு லேம்ப் டிரிம்மர். எல்லாருக்கும் விளக்கு வேலையா?

விளக்கு வேலை அந்த ஒருவருக்கு மட்டும்தான். திரி நறுக்கி, எண்ணெய் ஊற்றி, கப்பலின் விளக்குகளைக் கவனிக்கும் மேல்தளத்து ஆள் அவர். மற்ற டிரிம்மர்கள் கிடங்கிலிருந்து நிலக்கரியைத் தள்ளுவண்டியில் பாய்லர் வாசலுக்குக் கொண்டு வருபவர்கள். ஒரு பக்கமே கரியை எடுத்தால் கப்பல் சாய்ந்துவிடும். அதைச் சமன் செய்வதும் அவர்கள் வேலை, பெயர் வந்ததும் அதனால்தான். உலையில் கரி போடும் ஃபயர்மேனாவது உலைக்கு முன்னால் நிற்கிறான். டிரிம்மருக்கோ இருட்டும் கரித்தூசியும். வழக்கமாக 4 மணி நேர வேலை, 8 மணி நேர ஓய்வு. கப்பலிலேயே மோசமான வேலை எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

டாங்கிமேன் கழுதை மேய்ப்பவரா?

சிரிக்காமல் பதில் சொல்கிறேன். சரக்கு தூக்கவும் தண்ணீர் இறைக்கவும் இருந்த சிறிய துணை எஞ்சினுக்கு "டாங்கி" என்று பெயர். அதையும் அதன் பாய்லரையும் பார்த்துக்கொள்பவர் டாங்கிமேன். கப்பலில் நிஜமான பிராணிகளும் இருந்தன. 1840-இல் குனார்ட் கம்பெனியின் பிரிட்டானியா கப்பல் லிவர்பூலிலிருந்து கிளம்பியபோது பாலுக்காக ஒரு பசுவும் ஏறியது.

அதிகாரிகளுக்குத் தேர்வு உண்டா?

வெளிநாட்டுக்குப் போகும் கப்பல்களின் மாஸ்டர்களும், அவர்களுக்கு அடுத்த அதிகாரிகளான மேட்களும் சான்றிதழ் பெற வேண்டும் என்று 1850-இல் சட்டம் வந்தது. எஞ்சினியர்களுக்கு அது 1862-இல்தான் வந்தது. அதுவரை எந்தத் தாளும் இல்லாமல்தான் அவர்கள் எஞ்சினை ஓட்டினார்கள்! சட்டப்படியான பெயர் மாஸ்டர். கேப்டன் என்பது மரியாதைக்கு அழைப்பது.

பெண்கள் வேலை செய்தார்களா?

ஸ்டூவர்டஸ் என்ற பெயரில், மிகச் சிலர். பெண் பயணிகளின் அறைகளையும், வாந்தியில் துவண்டு கிடப்பவர்களையும் குழந்தைகளையும் கவனிப்பது அவர்கள் வேலை.

ஐயா, முதல் கேள்வி கேட்டவன்தான். மறுபடி பார்த்தேன், "எஞ்சின் ரூம்" என்று இருக்கிறது.

அப்படியானால் உங்கள் தண்டலுக்குக் கீழே இருந்தவர்கள் கலாசிகள் இல்லை. தீ போடும் "ஆக்வாலா"க்களும் கரி சுமக்கும் "கோய்லாவாலா"க்களும்தான். செங்கடல் வெயிலில், பாய்லர் அறையில். இந்தியர்கள் சூடு தாங்குவார்கள் என்று கம்பெனிகள் சொல்லிக்கொண்டன. பிரிட்டிஷ் ஃபயர்மேனின் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தால் போதும் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டியலில் சம்பளப் பத்தி இருந்தால் பக்கத்தில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.