கொத்தனார் கழுவிய சட்டியும் இட்லிப்பூ வேலியும்

கேள்வி: கள்ளிக்குடி பக்கம் கரிசல் காட்டில் இரண்டு வருடத்துக்கு முன் வீடு கட்டிக் குடிவந்தோம். சுற்றுச்சுவரை ஒட்டி நாற்பது இட்லிப்பூச் செடிகளை வேலியாக வைத்தேன். முதல் வருடம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஆறு மாதமாகக் கொழுந்து இலையெல்லாம் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. உரக்கடையில் சொன்னபடி டி.ஏ.பி. வைத்தேன், டானிக்கும் இரண்டு முறை அடித்தேன். இப்போது கொழுந்து வெளுத்து ஓரம் கருகுகிறது. போர் தண்ணீரோடு, வீணாக்க வேண்டாமென்று ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரையும் காலையும் மாலையும் செடிக்கே விடுகிறோம். தை மாதம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு மகள் கல்யாணம். வேறு எந்த டானிக் வாங்கலாம்? இல்லை, பிடுங்கிவிடட்டுமா ஐயா?

பதில்: பிடுங்காதீர்கள், டானிக்கும் வாங்காதீர்கள். ஐப்பசிதான் நடக்கிறது, தைக்குள் கொழுந்தைப் பச்சையாக்கிவிடலாம்.

செடிக்கு இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் அது கரையாமல் இறுகிப்போய் வேருக்கு எட்டுவதில்லை. அதன் தலையில் டி.ஏ.பி.யைக் கொட்டினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடி, கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச இரும்பும் முடங்கும். மஞ்சள் வெள்ளையானதில் அதற்கும் பங்கு உண்டு. செடி மஞ்சளா, டி.ஏ.பி.; குட்டையா, டி.ஏ.பி.; பூக்கவில்லையா, அதற்கும் டி.ஏ.பி. இதற்குப் பெயர் வைத்தியமா? கடைக்காரர் இருப்பைக் காலி செய்கிறார், அவ்வளவுதான். டானிக் பாட்டில் இன்னும் கிடந்தால் லேபிளைத் திருப்பி, இரும்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். போடவில்லை என்றால் அது இந்தக் கோளாறுக்கு மருந்தே இல்லை.

இப்போது உங்களுக்கு வேண்டியது அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட் என்கிற இரும்பு உப்பு. லிட்டருக்கு 5 கிராம், கூடவே எலுமிச்சை உப்பு என்று விற்கிற சிட்ரிக் அமிலம் 1 கிராம். எலுமிச்சை உப்பை முதலில் கரைத்துவிட்டு அப்புறம் அன்னபேதியைப் போடுங்கள். மாற்றிச் செய்தால் உங்கள் போர் தண்ணீரில் அது பழுப்பாகக் கலங்கி வீணாகும். மழைத்தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. மழை வராத சாயங்காலமாகப் பார்த்து, பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை, இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். நம் மல்லிகைத் தோட்டங்களில் கொழுந்து மஞ்சளடித்தாலும் இதுதான் மருந்து. வாங்கும்போது இளம்பச்சைப் படிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். துருப்பொடி மாதிரி நிறம் மாறியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை பிடிக்கும். கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறீர்கள் என்றால் மருந்தடித்து முடித்த பிறகு அடியுங்கள்.

சரி, மண்ணில் இறுகாதபடி வேறொரு பொருளோடு பிணைத்து விற்கிற செலேட் இரும்பை வாங்கி வேரில் ஊற்றினால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இ.டி.டி.ஏ. வகை. இலையில் அடிக்க அது போதும், ஆனால் காரத்தன்மையுள்ள மண்ணில் ஊற்றினால் நிற்காது. அங்கே நிற்கக்கூடியது இ.டி.டி.ஹெச்.ஏ. வகை, விலை அதிகம். அந்தக் காசில் ஆள் விட்டு மண்ணைத் தோண்டலாம்.

தோண்டுவதைப் பற்றித்தான் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். முதல் வருடம் தளதளவென்று நின்ற செடி இரண்டாம் வருடம் ஏன் வெளுத்தது? நம் ஊர் நர்சரிகளுக்கு அழகுச்செடிகள் ஏராளமாக ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன. எங்கிருந்து வந்தாலும் கொஞ்ச காலம் செடி தன் பையோடு வந்த மண்ணிலேயே பிழைத்துக்கொள்ளும். வேர் அதைத் தாண்டி வெளியே வரும்போதுதான் உங்கள் மண்ணைப் பார்க்கிறது. சுற்றுச்சுவர் ஓரத்தில் இருப்பது உங்கள் மண்கூட இல்லை, கொத்தனார் விட்டுப்போன மண்.

புது வீட்டில் கலவை குழைப்பது, சாந்துச் சட்டி கழுவுவது எல்லாம் சுவர் ஓரம்தான். பூச்சு வேலையில் உதிர்ந்தது, உடைந்த செங்கல், டைல்ஸ் சில்லு, மீந்துபோய்க் கட்டிதட்டிய சிமெண்ட் மூட்டை எல்லாவற்றையும் அங்கேயே தள்ளிவிட்டு, மேலே ஒரு டிராக்டர் செம்மண்ணைப் பரப்பிச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். பார்க்கத் தோட்டம், கீழே குப்பைமேடு. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். வாஸ்து பார்த்து வாசல் வைக்கிற நாம், கலவை எங்கே குழைப்பது என்று ஒரு கோடு கிழித்துக் கொடுப்பதில்லை. வீடு கட்டப் போகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் அன்றே செடி வைக்கும் இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்குங்கள். கலவையை வேறொரு மூலையில் தகரம் விரித்துக் குழைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி முறைப்பார். முறைக்கட்டும்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு செடிகளுக்கு நடுவே கடப்பாரையால் ஒன்றரை அடி தோண்டி ஒரு பிடி மண் எடுங்கள். சுவரிலிருந்து இருபது அடி தள்ளி, காட்டுப் பக்கமும் ஒரு பிடி. இரண்டின் மேலும் வினிகரை ஊற்றுங்கள். சுவரோர மண் மட்டும் நுரைத்துப் பொங்கினால் அது கட்டட வேலையின் மிச்சம். இரண்டும் பொங்கினால் அடியில் சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல், இருக்கிறது. கள்ளிக்குடிக் கரிசலில் அதற்கும் வாய்ப்பு அதிகம்.

கொத்தனார் வேலை என்றால், கல்யாணம் முடிந்து மாசிக்கு மேல் நர்சரி மண்ணும் செடியும் புதிதாகக் கொண்டுவந்து நட அவசரப்பட வேண்டாம். வெயிலில் இட்லிப்பூவைப் பெயர்த்தால் பட்டுப்போகும். கோடையில் வேலியை ஒட்டி, சுவருக்கு எதிர்ப்பக்கமாக ஒன்றரை அடி அகல, ஆழத்தில் நீளப் பள்ளம் எடுத்து இடிபாட்டை அள்ளிவிட்டு, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். வேர் தானாக அந்தப் பக்கம் வரும். சுக்கான் என்றால் தோண்டிப் பயனில்லை. முக்கால் அடி உயரம் மேட்டுப்பாத்தி போட்டு அடுத்த ஐப்பசியில் மாற்றி நடுங்கள். அந்தத் தொல்லையும் வேண்டாம் என்றால் மருதாணி வேலி வையுங்கள், கரிசலும் உப்புத் தண்ணீரும் அதற்கு ஒரு பொருட்டில்லை. அரளியும் தாங்கும், ஆனால் ஆடு மாடு உள்ள வீட்டில் நான் சொல்ல மாட்டேன். விஷம்.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பைத்தான் மெஷின் சேர்த்து வடித்து அந்தக் குழாய் வழியாக விடுகிறது. கழிப்பறைக்கு ஊற்றுங்கள், வாசல் கழுவுங்கள். இரண்டு வேளைப் பாசனமும் கரிசலுக்கு ஆகாது. ஈரம் தேங்கத் தேங்க மஞ்சள் கூடும். விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு விட்டால் போதும். 2003-ல் அரசு கட்டாயமாக்கிய மழைநீர்க் குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதன் வாயில் ஒரு தொட்டியை வையுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர். மருந்து கலக்கவும் இட்லிப்பூவுக்கு விடவும் அதைவிட நல்ல தண்ணீர் உங்கள் காட்டில் கிடைக்காது.

ஒன்று விட்டுப்போயிற்று. பந்தல்காரர் வந்து வேலியைச் சீராக வெட்டிவிடலாம் என்பார், விடாதீர்கள். இட்லிப்பூ கிளை நுனியில்தான் பூக்கும். இனிமேல் கத்தரி போட்டால் தையில் பச்சை இலை இருக்கும், பூ இருக்காது.