தோலில் கட்டம் போட்டால் ஓரத்தில் கோணுவது ஏன்?

கேள்வி: 3 மி.மீ. தோலில் 10 மி.மீ. சாய்சதுரக் கட்டங்கள் போடுகிறேன். நடுவில் ஒழுங்காக வருகிறது, ஓரத்தில் கோணிவிடுகிறது. காய்ந்ததும் பதிவு மங்குகிறது. தவறு எங்கே?

பதில்: கோணுவது அளவில் வரும் பிழை, மங்குவது ஈரத்தில் வரும் பிழை.

ஒரு கட்டம் முடிந்ததும் அங்கிருந்து அடுத்ததை அளந்தால், கட்டத்துக்கு 0.2 மி.மீ. பிசகினாலே 20 கட்டத்தில் 4 மி.மீ. ஆகிவிடும். ஈரத் தோல் இழுபடுவதும் இதோடு சேர்ந்துகொள்ளும். எனவே கட்டம் முழுவதையும் முதலில் டிரேசிங் ஃபிலிமில் (கோடு தெரியும் ஒளிபுகும் தாளில்) வரையுங்கள். மையத்தில் ஒரு சாய்கோடு, அதற்குச் செங்குத்தாக இரு முனையிலும் ஒவ்வொரு துணைக்கோடு. அளவுகோலின் பூஜ்யத்தைச் சாய்கோட்டில் வைத்து, நகர்த்தாமலே 10, 20, 30 எனப் புள்ளியிட்டு, நேரெதிர்ப் புள்ளிகளை இணையுங்கள். எதிர்ப்பக்கச் சாய்வுக்கும் இப்படியே. தோலின் பின்புறம் முழுக்க பேக்கிங் டேப் ஒட்டிவிட்டால் இழுபடாது. பிறகு ஃபிலிமை மேலே வைத்து, உருண்டை முனைக் கருவியால் கோடுகளை அழுத்திப் பதியுங்கள். பேனா வேண்டாம், மை போகாது. ஈரத் தோலில் இரும்பு அளவுகோலும் கூடாது. இரும்பு தோலின் டானினோடு (பதனிடும் தாவரச் சாற்றின் துவர்ப்புப் பொருளோடு) சேர்ந்தால் கருநீலக் கறை விழும்.

இனி, கோடு பதியும் முன்பே தோலில் இருக்க வேண்டிய ஈரம். தாவரச் சாற்றில் பதனிட்ட வெஜ்-டேன் தோல்தான் பதிவைப் பிடித்து வைக்கும். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலில் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. ஸ்பாஞ்சால் சீராக நனைத்து, பிளாஸ்டிக் பையில் ஒரு இரவு மூடி வையுங்கள். வெளியே எடுத்தபின் நிறம் ஏறக்குறைய பழையபடி வெளுத்திருக்க வேண்டும், புறங்கையில் வைத்தால் மட்டும் சில்லென்று இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் கருவியை அழுத்தினால் தடம் அடர்பழுப்பாகும். கருவியைச் சுற்றி நீர் கசிந்தால் ஈரம் அதிகம். அப்போது பதிந்தது காயும்போது உப்பி மங்கிவிடும். உங்கள் தோலில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

பதிந்த கோடுகளை அடுத்து கத்தியால் கீற வேண்டும். வெட்டு ஆழம் தோல் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1 மி.மீ. போதும். சுழல் கத்தியால் (விரலில் திருப்பி வெட்டும் தோல் கத்தியால்) ஒரு திசைக் கோடுகளை எல்லாம் முடித்துவிட்டு மறு திசைக்கு வாருங்கள். குறுக்கிடும் இடத்தில் கட்டத்தின் மூலை பிய்ந்து எழும்பினால் கத்தி மழுங்கியிருக்கிறது. தோல் பட்டையில் தீட்டிக்கொள்ளுங்கள். விளிம்புக் கோட்டுக்கு மயிரிழை முன்பே நிறுத்துங்கள், தாண்டிய வெட்டை மறைக்க வழியில்லை.

அடுத்து கல் பலகையில் வைத்து, பெவலரால் (வெட்டின் ஓரத்தைச் சரிவாக அமுக்கும் கருவியால்) கோட்டின் இருபுறமும் தட்டுங்கள். அப்போதுதான் கட்டம் தலையணைபோல் உப்பி நிற்கும். ஒவ்வொரு தட்டுக்கும் கருவியை அதன் அகலத்தில் பாதிக்கு மேல் நகர்த்தினால் படிக்கட்டுபோல் தழும்பு விழும். நைலான் அல்லது பச்சைத்தோல் (பதனிடாத தோல்) சுத்தியல் போதும். இரும்புச் சுத்தியல் கருவியின் தலையை நசுக்கும்.

வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் ஒரு நாள் விடுங்கள். பர்ஸ் மடிப்பு, பெல்ட் போல வளையும் இடங்களில் வெட்டு வாய் பிளந்துகொள்ளும். அங்கே கத்தியை விட்டுவிட்டு, கோட்டை அழுத்தி மட்டும் பதியுங்கள்.