பிபிஓவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்: அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்குமா?

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து 44 வயதில் ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருக்கு வயது 58. அம்மாவின் பெயர் பிபிஓவில் (ஓய்வூதிய ஆணையில்) 'எம். லட்சுமி' என்றும், ஆதாரில் 'லட்சுமி கணேசன்' என்றும் இருக்கிறது. பிறந்த ஆண்டும் ஒரு வருடம் மாறியிருக்கிறது. இதையெல்லாம் சரிசெய்து தர 20 ஆயிரம் ரூபாய் ஆகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அப்பா இறந்த பிறகு கணக்கில் விழுந்த ஓய்வூதியத்தையும் விவரம் தெரியாமல் ஏடிஎம்மில் எடுத்துச் செலவழித்துவிட்டோம். தம்பி பொறியியல் முதலாண்டு படிக்கிறான். எங்கிருந்து தொடங்குவது? (ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: முதலில் அந்த 20 ஆயிரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். நீங்கள் செய்யவேண்டிய எந்த வேலைக்கும் தரகர் தேவையில்லை. உங்கள் மாவட்டத்திலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது, அப்பாவின் படைப்பிரிவுப் பதிவேட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது, கைம்பெண் அடையாள அட்டை தருவது எல்லாம் அந்த அலுவலகத்தின் அன்றாட வேலை. அதற்குக் கட்டணம் கிடையாது. அம்மாவை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவித்தபோது தந்த பணிப் புத்தகம்), பிபிஓ, இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், பான், வங்கிப் புத்தகம், திருமணச் சான்று இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் நகல்களோடு எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் புக்கின் அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். அது தொலைந்தால் மறுபிரதி வாங்குவது பெரும் அலைச்சல்.

அலுவலகத்துக்குப் போகும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இறப்பை ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளத்தில் தெரிவியுங்கள். ராணுவ ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் வழியாகத்தான் நேரடியாகக் கணக்குக்கு வருகிறது. அதை நடத்துவது பாதுகாப்புக் கணக்குத் துறை, ஆணை வழங்குவது பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதிய முதன்மைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். ஸ்பர்ஷ் தளத்திலோ, ஸ்பர்ஷ் சேவை மையமாகச் செயல்படும் வங்கிக் கிளையிலோ, சி.எஸ்.சி. எனப்படும் பொதுச் சேவை மையத்திலோ இறப்புச் சான்றிதழைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். கொடுத்ததற்கான எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எதைக் கேட்டாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

எடுத்துச் செலவழித்த பணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அப்பா இறந்த நாள் வரைக்குமான ஓய்வூதியம் குடும்பத்துக்குச் சேர வேண்டியதுதான். மறுநாளிலிருந்து அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்குகிறது. அதற்குமேல் வந்த தொகையை அம்மாவுக்கு வரவேண்டிய நிலுவையில் கழித்துக்கொள்வார்கள். நீங்களே முன்வந்து எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஏடிஎம் அட்டையை இனிமேல் தொடக்கூடாது. இறப்பைச் சொல்லாமல் மாதக்கணக்கில் எடுத்த குடும்பங்கள் பெரிய தொகையைத் திருப்பிக் கட்ட நேர்கிறது. நீங்கள் ஒரு மாதத்திலேயே கேட்டது நல்லது.

இப்போது பெயர் விஷயம். தமிழ்க் குடும்பங்களில் இது தீராத தலைவலி. திருமணத்தின்போது படைப்பிரிவில் பதிவான பெயரில் அம்மாவின் அப்பா பெயர் தலைப்பெழுத்தாக இருக்கும். ஆதார் எடுக்கும்போது கணவர் பெயரைச் சேர்த்திருப்பார்கள். ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது, கணினிக்கு மட்டும் இருவர் வேறு வேறு பெண்கள். ஆனால் ஒரு நல்ல செய்தி: அம்மாவின் பெயர் எப்படியோ பிபிஓவில் ஏறியிருக்கிறது. பெயரே ஏறாமல் விட்ட குடும்பங்கள்தான் உண்மையில் சிரமப்படுகின்றன. உங்களுக்கு உரிமையில் சிக்கல் இல்லை, எழுத்தில்தான் சிக்கல்.

எதைத் திருத்துவது என்று முடிவெடுக்கும் முன், அம்மாவின் பான், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எந்தப் பெயர் அதிகம் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் 'லட்சுமி கணேசன்' இருந்தால் ராணுவப் பதிவைத் திருத்துவதுதான் சரி. 'எம். லட்சுமி' அதிகம் இருந்தால் ஆதாரைத் திருத்துவது சுலபம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும் என்பதால், அவசரப்பட்டு மாற்றிவிட்டுத் தவிக்காதீர்கள். ராணுவப் பதிவை மாற்ற, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தோடு மாவட்ட அலுவலகம் வழியாக அப்பாவின் பதிவேட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப்படை என்றால் நாசிக், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். உறுதிமொழி எந்த அதிகாரி முன் இருக்க வேண்டும், அரசிதழ் வெளியீடு தேவையா என்பதை அந்த அலுவலகத்திடமே கேட்டுக்கொண்டு பிறகு செலவு செய்யுங்கள். பத்திரம் தப்பான வடிவத்தில் போய்த் திரும்பி வருவதில்தான் மாதங்கள் வீணாகின்றன. பிறந்த ஆண்டையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துக் கேளுங்கள், தனித்தனியாக அனுப்ப வேண்டாம்.

வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிபிஓவில் பெயர் உள்ள மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் பெற அது தேவையில்லை. வங்கியில் உள்ள மற்ற பணத்துக்கும் சொத்துக்கும் தேவைப்படும் என்பதால் தாலுகா அலுவலகத்தில் தனியாக விண்ணப்பித்து வையுங்கள்.

எவ்வளவு வரும்? இயல்பான மரணத்துக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கடைசியாகக் கணக்கிட்ட சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தது 9,000 ரூபாய். அதோடு அகவிலை நிவாரணம். ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் கூடுதல் விகிதமாக 50 சதவீதம் கிடைக்கும். ஓய்வுக்குப் பிறகு இறந்தவர் விஷயத்தில் அது 7 ஆண்டுகள், அல்லது அவர் 67 வயதை எட்டியிருக்கக்கூடிய நாள், இதில் எது முன்னதோ அதுவரை. உங்கள் அப்பாவுக்கு 58 என்பதால் முழு 7 ஆண்டும் கிடைக்கும். கணக்கிட்ட சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 7 ஆண்டுக்கு மாதம் 20,000, அதன்பின் 12,000. இரண்டு விகிதமும் பிபிஓவில் குறிக்கப்பட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் ஆண்டில் தொகை இறங்கும்போது அதிர்ச்சியடையாமல் இருக்கவும், தம்பியின் படிப்புக் கடனையோ வீட்டுக் கடனையோ 20,000 நிரந்தரம் என்று நினைத்து வாங்காமல் இருக்கவும் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று பலருக்குப் புரிவதில்லை. அப்பா ஓய்வு பெற்றபோது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கியிருப்பார். அதற்கான பிடித்தம் 15 ஆண்டுகள் நடக்கும். அவர் ஓய்வு பெற்று 14 ஆண்டுதான் ஆகிறது, ஆக அவர் கையில் வாங்கியது குறைந்த தொகை. குடும்ப ஓய்வூதியத்தில் அந்தப் பிடித்தம் கிடையாது. அம்மாவுக்கு அப்பா வாங்கியதைவிட அதிகம் வந்தால் அது தவறில்லை, அதிகம் வந்துவிட்டதோ என்று பயந்து எடுக்காமல் வைத்திருக்கவும் வேண்டாம்.

அப்பாவுக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் இருந்ததா என்று கட்டாயம் பாருங்கள். ராணுவத்தில் இருக்கும்போதே இதய நோய் வந்து, அது பணியால் ஏற்பட்டது என்று ஏற்கப்பட்டிருந்து, அதனாலேயே இறந்திருந்தால், 60 சதவீத சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்க இடமுண்டு. மருத்துவமனைச் சீட்டுகள் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையை அப்படியே விட்டுவிடாதீர்கள். இதுவரை அப்பாதான் முதன்மை உறுப்பினர், இனி அம்மா. குடும்ப ஓய்வூதிய ஆணை வந்ததும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தம்பிக்கு 25 வயது வரை, அவன் சம்பாதிக்கத் தொடங்காதவரை உரிமை உண்டு. நீங்கள் திருமணமாகாமல், வருமானம் இல்லாமல் இருந்தால் உங்களுக்கும் உண்டு. நள்ளிரவில் நெஞ்சு வலி என்றால் இத்திட்டத்தின் பாலிகிளினிக் தரும் பரிந்துரைக் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போகலாம். பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பில் தொகை திரும்ப வாங்குவது கஷ்டம்.

தம்பிக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை: பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண் பிள்ளைக்கு மாதம் 2,500, பெண் பிள்ளைக்கு 3,000 ரூபாய். பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். புதிய விண்ணப்பத்தை முதலாண்டில் மட்டுமே ஏற்பார்கள், அதனால் மத்திய சைனிக் போர்டின் தளத்தில் இந்த ஆண்டுக்கான கடைசி நாளை இன்றே பாருங்கள். அதில் தவறினால் ஹவில்தார் பதவி வரையிலானவர்களின் பிள்ளைகளுக்கான கல்வி மானியம் இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் அது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகியிருக்கிறது, இரண்டு பிள்ளைகள் வரை கிடைக்கும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது.

அப்பா ஓய்வுக்குப் பின் வேறு எங்காவது வேலை பார்த்தாரா? காவலர் வேலையாக இருந்தாலும் பி.எஃப். பிடித்திருந்தால், அங்கிருந்து கைம்பெண் ஓய்வூதியம் தனியாக உண்டு. வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் பி.எஃப். கணக்கோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் 7 லட்சம் வரை கேட்கலாம். மத்திய, மாநில அரசுப் பணி என்றால் 2012 செப்டம்பர் 24 முதல் ராணுவக் குடும்ப ஓய்வூதியத்தோடு இன்னொரு குடும்ப ஓய்வூதியமும் பெறலாம். இதெல்லாம் கேட்காமல் கிடைக்காது. ராணுவக் குழுக் காப்பீட்டின் ஓய்வுக்குப் பிந்தைய நீட்டிப்புச் சான்றிதழையும் பெட்டியில் தேடுங்கள். அதைப் பற்றி அம்மாவுக்கே தெரியாமல் இருக்கும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். தேவைப்பட்டால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆண்டுகள் கழித்துப் போனாலும் ஓய்வூதிய உரிமை அழியாது, ஆனால் நிலுவையைப் பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் தரமாட்டார்கள். அதனால் எந்தக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை என்றால் ஒரு மாதத்தில் நினைவூட்டல் அனுப்புங்கள், நகலை வையுங்கள். ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். அம்மாவின் கைப்பேசியிலேயே ஜீவன் பிரமாண் முக அடையாளம் மூலம் நீங்கள் அதைச் செய்துகொடுக்கலாம். அந்தக் கைப்பேசிக்கு வரும் ஓடிபியை ஸ்பர்ஷ், வங்கி என்று யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.