முதலில் காரை ஏற்றுங்கள், அப்புறம் துளை போடுங்கள்

தம்பி,

மிச்சிகனின் நோவையிலிருந்து டெக்சாஸின் டாலஸுக்கு வேலை மாற்றம். கூட வேலை பார்த்தவரிடம் 20 அடி மூடிய டிரெய்லர் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். ஆசையாக வாங்கிய அந்தப் பழைய மாஸ்டா மியாட்டாவை, மேற்கூரை மடங்கும் அந்தச் சின்னக் காரை, அதில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், ஆனால் உள்ளே கட்டுவதற்கு ஒரு வளையம்கூட இல்லை. நான்கு டி-ரிங்கும் (பட்டையை மாட்டும் டி வடிவ இரும்பு வளையம்) ஒரு டப்பா மர ஸ்க்ரூவும் வாங்கி வைத்துக்கொண்டு, "எந்த இடத்தில் அடிக்கலாம் அண்ணா?" என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்த ஸ்க்ரூ டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரசீது இருந்தால் மறுபேச்சில்லாமல் பணம் வந்துவிடும்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். பத்து ஸ்க்ரூ, நல்ல நீளம், கையால் இழுத்துப் பார்த்தால் அசையவில்லை. டொலீடோவுக்குத் தெற்கே ஐ-75 நெடுஞ்சாலையில் முன்னால் போனவர் சட்டென்று பிரேக் போட, நானும் போட்டேன். பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். ஓரம் கட்டிக் கதவை இறக்கினால், பின்பக்க இடது வளையம், காரைக் கட்டிய பட்டையின் நுனியில் தொங்குகிறது. ஸ்க்ரூக்கள் ஒன்றுகூட வளையவில்லை. மறைகளுக்கு நடுவே மரத்தூள் தேங்காய்ப் பூ போல ஒட்டிக்கொண்டிருந்தது. வலது வளையம் தாங்கியதால் கார் கோணலாகத் திரும்பி, பம்பர் முன்சுவரில் போய் முட்டி நின்றது. தப்பு என்னுடையதுதான்.

இந்த டிரெய்லர்களின் தரை பெரும்பாலும் முக்கால் இன்ச் பிளைவுட். அதன் அடியில் 16 அல்லது 24 இன்ச்சுக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள் ஓடும். பாரம் தாங்குவது அந்தச் சட்டம்தான், பலகை மேலே போட்ட பாய் மாதிரி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர் யாரிடம் கேட்டாலும், கொக்கியைப் பலகையில் அடிப்பாயா என்று சிரிப்பார். நமக்கு அது தெரியாமல் இல்லை. ஊரில் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்ப் பழகியவர்கள் நாம், அவ்வளவுதான். இங்கே கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது, அதனால் டிரில்லை நம் கையிலேயே எடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, இடத்துக்கு வருவோம். டிரில்லைத் தொடும் முன் காரை உள்ளே ஏற்றி நிறுத்துங்கள். பலர் வளையத்தை அடித்துவிட்டு, அதற்கேற்ற மாதிரி காரை நிறுத்துகிறார்கள். அது தலைகீழ். கார் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எடை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியில் மாட்ட முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டமான டங் மேல் இறங்க வேண்டும். குறைந்தால் மணிக்கு 60 மைல் தாண்டியதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அதிகமானால் இழுக்கும் வண்டியின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரத்தின் பிடி குறையும்.

உங்கள் மியாட்டா சுமார் 2,300 பவுண்டு என்று வையுங்கள். முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சரிபாதி. காரின் நடுப்பகுதி, டிரெய்லரின் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவே உள்ள புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் வரும்படி நிறுத்தி ஆரம்பியுங்கள். டங் எடை பார்க்கத் தனித் தராசு கிடைக்கும். இல்லாவிட்டால் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT) என்னும் எடை மேடை இருக்கும். இழுக்கும் வண்டியைத் தனியாக ஒரு முறை, டிரெய்லரை மாட்டி ஒரு முறை நிறுத்துங்கள். இரண்டாவது முறை வண்டியின் சக்கரங்களில் எவ்வளவு கூடியிருக்கிறதோ அதுதான் டங் எடை. வீட்டுச் சாமான்களையும் அதே டிரெய்லரில் ஏற்றுவதாக இருந்தால் அவற்றையும் ஏற்றிவிட்டே எடை பாருங்கள். கிரைண்டரும் புத்தகப் பெட்டிகளும் முன்மூலையில் போனால் கணக்கே மாறிவிடும். எடை சரியாக அமைந்ததும், நான்கு டயரைச் சுற்றியும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பார்த்துவிடுங்கள். தலா 3,500 பவுண்டு ஆக்ஸில் இரண்டு என்றால் மொத்த வரம்பு வழக்கமாக 7,000. காலி டிரெய்லரே 3,000க்கு மேல் இருக்கலாம். காரைச் சேர்த்தால் சாமானுக்கு மிஞ்சுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. நண்பரின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் இழுப்பதாகச் சொன்னீர்கள். டிரெய்லரை மாட்டும் அதன் ஹிட்ச் ரிசீவரிலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு. டங் பாரத்தை எல்லா ஆக்ஸிலுக்கும் பகிர்ந்துவிடும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் இருந்தால் ஒரு வரம்பு, இல்லாவிட்டால் அதைவிடக் குறைந்த வரம்பு.

இப்போது வளையம். பெட்டியின் மேல் 5,000 பவுண்டு என்று பெரிதாகப் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள், அது பெரும்பாலும் அறுந்துபோகும் அளவு. நம்பிக் கட்டக்கூடிய அளவு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,666. சரக்கு வண்டிகளுக்கான மத்திய விதியில், முன்னோக்கி 0.8 ஜி வரை, அதாவது சரக்கின் எடையில் 0.8 பங்கு விசை முன்னால் தள்ளும் அளவுக்கு, பிரேக் போட்டாலும் சரக்கு நகரக் கூடாது என்று இருக்கிறது. சொந்தக் காரைக் கொண்டுபோகும் உங்களுக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாது, ஆனால் நல்ல அளவுகோல். 2,300 பவுண்டுக்கு அது 1,840 பவுண்டு. பிரேக் போட்டால் கார் முன்னால் ஓடப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவது பின்பக்கத்து இரண்டு வளையங்கள். எல்லாரும் முன்பக்கத்தைத்தான் பலமாகச் செய்வார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். பட்டை கோணத்தில் போவதால் பலத்தில் ஒரு பகுதி பக்கவாட்டுக்குப் போய்விடும். 45 டிகிரி என்றால் ஒவ்வொன்றும் சுமார் 1,180தான் நேராகப் பிடிக்கும், இரண்டும் சேர்ந்து 2,360. உங்கள் காருக்குப் போதும். நாளைக்கு இதே டிரெய்லரில் 4,000 பவுண்டு கார் ஏற்றுவதாக இருந்தால் போதாது. இப்போதே பெரிய வளையமாக வாங்கிவிடுங்கள்.

இடம்: முன் டயருக்கு முன்னால் இரண்டு, பின் டயருக்குப் பின்னால் இரண்டு. பட்டை மாட்டும் இடத்திலிருந்து வளையம் மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும். மிகவும் ஒட்டி வைத்தால் பட்டையை இறுக்கும் ராட்செட்டுக்கே இடம் இருக்காது.

தரையில் வரிசையாகத் தெரியும் ஸ்க்ரூத் தலைகள்தான் குறுக்குச் சட்டம் போகும் வழி. அதை மட்டும் நம்பாமல், அட்டையை விரித்துப் போட்டு டிரெய்லருக்கு அடியில் ஒரு முறை படுத்துப் பாருங்கள். பிரேக்குக்கும் விளக்குக்கும் போகும் வயர்கள் அங்கேதான் ஓடும், பார்க்காமல் துளை போட்டு வயரை அறுத்தவர்கள் உண்டு. மிச்சிகன் வண்டி என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு அடிச்சட்டத்தைத் தின்றிருக்கும். சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. சொத்தென்று கேட்டு, துரு செதில் செதிலாக உதிர்ந்தால் அந்தச் சட்டத்தில் எதையும் மாட்டாதீர்கள்.

நல்ல வழி, இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு இடையே அடியில் ஒரு ஆங்கிள் இரும்பை வைத்து, வளையத்தின் போல்ட்டுகள் பலகை, ஆங்கிள் இரண்டையும் ஊடுருவி இறங்கும்படி செய்வது. ஆங்கிளின் இரு முனைகளும் சட்டத்தோடு வெல்டிங்கிலோ போல்ட்டிலோ சேர்ந்திருக்க வேண்டும். வெறும் வாஷர் போதாது, இழுத்தால் பலகையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். போல்ட் கிரேடு 5க்குக் குறையக் கூடாது, நட்டு நைலான் வைத்த லாக் நட்டு. சட்டம் உள்ளே கூடான டியூப் என்றால், போல்ட்டைச் சுற்றி உள்ளே ஒரு குழாய்த் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் முறுக்க முறுக்க டியூப் நசுங்கும். தரைக்குள் புதையும் மாதிரி வளையம் என்றால் அதன் கிண்ணத்தில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய பிளைவுட் ஓரத்துக்குப் பெயின்ட், போல்ட் துளைக்கு சீலன்ட். டெக்சாஸ் போனபிறகும் மழை பெய்யும்.

பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டயர் மேல் போட்டு இறுக்கும் மாதிரி வாங்குங்கள், அப்போது சஸ்பென்ஷன் அதன் போக்கில் ஆடும், பட்டை தளராது. காருக்கு அடியில் கொக்கி மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பின்பக்கத்தைக் குறுக்கே மாற்றிக் கட்டுங்கள், பக்கவாட்டில் நகராது. ஆனால் பட்டை பிரேக் ஹோஸிலோ சைலன்சரிலோ உரசக் கூடாது.

ஏற்றியபின் எப்படி இறங்குவீர்கள் என்று யோசித்தீர்களா? மியாட்டா தாழ்ந்த கார், கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சக்கரப் பெட்டியில் இடிக்கும். மேற்கூரையை இறக்கிவிட்டு ஏற்றுங்கள், பின்பக்கமாக ஏறி இறங்கிவிடலாம். முதல் முறை என் மனைவி அதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள்.

கிளம்பி 50 மைலுக்குள் ஒரு முறை நிறுத்திப் பட்டைகளை இறுக்குங்கள். புதுப் பட்டை முதலில் கண்டிப்பாகத் தளரும். அப்புறம் பெட்ரோல் போடும்போதெல்லாம் கதவைத் திறந்து பாருங்கள். லிட்டில் ராக் தாண்டி ஐ-30இல் ஏறியபிறகும் விடாதீர்கள்.

ஆங்கிள் வாங்கும் முன் டிரெய்லரின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். துரு எவ்வளவு என்று பார்த்துவிட்டு நீளம் சொல்கிறேன். இம்பாக்ட் ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது, புதிதாக வாங்க வேண்டாம். சனிக்கிழமை காலையில் வந்தால் இரண்டு பேருமாகச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம்.