யாருக்காக எடுத்த படம்?

இணையக் குழுக்களில் படங்களைப் பகிர்வது தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். அண்மையில் நடந்த சந்திப்பில் நான் எடுத்த படங்களை அன்றிரவே குழுவில் போட்டேன். மறுநாள் ஒரு தோழி தன் படங்களை நீக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தபடி நின்று எடுத்துக்கொண்ட படங்கள்தானே, இதில் என்ன வந்துவிட்டது என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். நான் நீக்கத்தான் வேண்டுமா?

பதில்: நீக்கிவிடுங்கள். காரணம் கேட்காமலும் காலம் தாழ்த்தாமலும் நீக்குங்கள். கேமராவுக்கு முன் வந்து நின்றபோது உங்கள் தோழி தந்த சம்மதம், அங்கே கூடியிருந்தவர்கள் நினைவுக்காக ஒரு படம் எடுத்துக்கொள்ளத் தந்த சம்மதம். அந்தப் படம் சந்திப்புக்கே வராத பலரையும் உள்ளடக்கிய இருநூறு கைபேசிகளுக்குப் போவதற்கு வேறொரு சம்மதம் வேண்டும். அதை நீங்கள் கேட்கவுமில்லை, அவர் தரவுமில்லை. ஒருவர் தன் இருப்பிடத்தை ஒரு குறிப்பிட்ட மனிதரிடமிருந்து மறைத்து வாழ்பவராக இருக்கலாம். சிகிச்சையால் மாறிப்போன தோற்றத்தைப் பலர் பார்ப்பதை விரும்பாதவராக இருக்கலாம். வெறுமனே பிடிக்கவில்லை என்பதும் போதுமான காரணமே. குழுவில் எல்லோர் முன்னிலையிலும் விளக்கம் கேட்பது அவரை இரண்டாவது முறையாகப் புண்படுத்துவதாகும்.

சொந்த விஷயம் எந்த இடத்தில் பொது விஷயமாகிறது என்பதை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2003ஆம் ஆண்டிலேயே ஒரு வழக்கில் ஆராய்ந்தது. சுவீடனில் தேவாலயத் தொண்டு செய்துவந்த ஒரு பெண்மணி, உடன் பணியாற்றியவர்களைப் பற்றிய விவரங்களைத் தம் வலைப்பக்கத்தில் எழுதினார். ஒருவர் காலில் அடிபட்டதால் பாதி நேரமே வேலைக்கு வருகிறார் என்பதும் அதில் இருந்தது. அவரிடம் தீய நோக்கம் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் வரையறையற்ற எண்ணிக்கையிலான மக்கள் அணுகும்படி இணையத்தில் வெளியிடுவதை, வீட்டுக்குள் நடக்கும் சொந்தக் காரியமாகக் கருத முடியாது என்று நீதிமன்றம் கூறியது. உங்கள் குழு மூடிய குழு என்பது உண்மைதான். ஆனால் இருநூறு பேரில் ஒருவர் ஃபார்வர்டு செய்தால் அந்த மூடலுக்குப் பொருளில்லை.

வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக நீக்கும் வசதி, அனுப்பியதிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரம் வரைதான் கிடைக்கும். அதற்குள் நீக்கினாலும், பிறர் தனியே சேமித்து வைத்த பிரதிகள் அப்படியே இருக்கும். எனவே, “சந்திப்புப் படங்களில் சிலவற்றை நீக்கியிருக்கிறேன், சேமித்தவர்களும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்” என்று, தோழியின் பெயரைச் சொல்லாமல், ஒரு வரி எழுதுங்கள். இனிமேல், படம் எடுக்கும் இடத்திலேயே அது எந்தக் குழுவுக்குப் போகப்போகிறது என்பதைச் சொல்லிவிட்டால் வேண்டாதவர்கள் அப்போதே ஒதுங்கி நிற்பார்கள். குழந்தைகள் இருக்கும் படமென்றால், அந்தந்தக் குழந்தையின் பெற்றோரைத் தனித்தனியே கேட்டாக வேண்டும். ஒருவர் சரியென்றது மற்றவர் சரியென்றதாகாது. சீருடையிலுள்ள பள்ளியின் பெயரும் மார்பில் குத்திய பெயரட்டையும் படத்தில் தெரிகின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: சம்மதம் தராதவரின் முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டுப் படத்தைப் போடலாமா?

பதில்: அவரை அறிந்தவர்களுக்கு உடையும் நிற்கும் தோரணையும் போதும், ஆகவே அவர் இல்லாத வேறொரு படத்தைத் தேடுவதே முறை. ஆவணம், முகவரி, வண்டி எண் போன்ற எழுத்துகளை மறைக்க வேண்டியிருந்தால் மங்கலாக்குவதை நம்பாதீர்கள், ஒளி ஊடுருவாத கட்டம் ஒன்றை அதன்மேல் வையுங்கள். வெட்டிய பகுதி உண்மையில் போய்விட்டதா என்பதிலும் கவனம் தேவை. 2023 மார்ச்சில் வெளிவந்த ஒரு குறைபாட்டின்படி, கூகுள் பிக்சல் கைபேசிகளின் திருத்தக் கருவியில் வெட்டப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டுகள் பலவற்றில், வெட்டி நீக்கியதாகப் பயனர் நினைத்த பகுதியின் தரவு கோப்புக்குள்ளேயே தங்கியிருந்தது. அதை மீட்டெடுக்கவும் முடிந்தது.

கேள்வி: எங்கள் பயண ஆர்வலர் குழுவில் கட்டுரை எழுதுகிறவர்கள், இணையத்தில் தேடியெடுத்த படங்களைப் போட்டு “நன்றி: கூகுள்” என்று எழுதிவிடுகிறார்கள். இது போதாது என்றால் என்னைக் கண்டிப்புக்காரர் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதே சரி. கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை, அது இருக்கும் இடத்தைக் காட்டியது, அவ்வளவே. வழி காட்டியவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வெயிலில் காத்திருந்து படமெடுத்தவரை மறந்துபோவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஒரு படம் எடுக்கப்பட்டவுடனேயே அதன் பதிப்புரிமை பெரும்பாலும் எடுத்தவருக்குச் சேர்ந்துவிடுகிறது. பதிப்புரிமை பற்றி நாடுகள் செய்துகொண்ட 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை 1908இல் பெர்லினில் திருத்தப்பட்டதிலிருந்து, இதற்குப் பதிவோ முத்திரையோ தேவையில்லை என்பதே அதில் சேர்ந்த நாடுகளின் பொது விதி. படத்தின் மேல் பெயர் இல்லாததால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

நன்றி சொன்னால் அனுமதி கிடைத்துவிட்டதாகவும் பலர் நினைக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவர், கோர்டோபா நகரத்தின் படமொன்றை ஒரு பயண இணையதளத்திலிருந்து எடுத்து, எங்கிருந்து எடுத்தது என்பதையும் கீழே குறிப்பிட்டுத் தம் வகுப்புக்கான தொகுப்பில் சேர்த்தார். பள்ளி அந்தத் தொகுப்பைத் தன் இணையதளத்தில் ஏற்றியது. படமெடுத்தவர் வழக்குத் தொடுத்தார். அவர் அந்தப் பயண இணையதளத்துக்கு மட்டுமே அனுமதி தந்திருந்தார். யார் வேண்டுமானாலும் தடையின்றிப் பார்க்கும்படி ஓர் இணையதளத்தில் இருந்த படமே ஆனாலும், அதை இன்னொரு தளத்தில் ஏற்றுவதற்குப் படைப்பாளரின் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும், ஓரிடத்துக்கென்று கொடுத்த படம் அந்த இடத்துக்கே உரியது என்ற நாகரிகம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். உங்கள் குழு உறுப்பினர் ஒருவர் குழுவுக்குள் போட்ட படத்தை வேறு குழுவுக்கு அனுப்பும்போதும் இதே நியாயம்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கட்டுரைக்குப் படம் வேண்டுமென்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு பிறரும் பயன்படுத்தலாம் என்று எடுத்தவரே முன்கூட்டி அனுமதித்து, வெளியான படங்களைத் தேடச் சொல்லுங்கள். விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எடுத்தவர் யார், உரிமம் எது என்பவை இருக்கும். உரிமத்தின் பெயரில் ‘பிஒய்’ என்றிருந்தால் எடுத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். ‘என்சி’ என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ‘என்டி’ என்றால் மாற்றியமைத்த வடிவத்தைப் பகிரக் கூடாது. படத்துக்குக் கீழே எழுத வேண்டியது இவ்வளவுதான்: “மழைக்குப் பின் பாலம், படம்: எடுத்தவரின் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், உரிமம்: சிசி பிஒய் 4.0, ஓரங்கள் வெட்டப்பட்டுள்ளன.” மூலப் பக்கத்துக்கும் உரிமத்துக்கும் இணைப்பைச் சேர்த்துவிட்டால் குறையிராது. எடுத்தவர் யாரென்றே தெரியாத படத்தை, படத்தையே கொடுத்து அது இணையத்தில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடும் தலைகீழ்ப் படத்தேடலில் இட்டுப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால் அதை விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: பறவைகளைப் படமெடுப்போர் குழுவில், அரிய பறவையொன்றின் கூட்டைப் படமெடுத்துப் போட்டேன். இடத்தைச் சொல்லவில்லை என்றாலும், படத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு மூத்த உறுப்பினர் கடிந்துகொண்டார். அது சாத்தியமா?

பதில்: சாத்தியமே. கைபேசியின் கேமராவில் இருப்பிட வசதி இயங்கினால், எடுத்த நேரம், கருவியின் வகை ஆகியவற்றோடு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் எக்ஸிஃப் என்ற பெயரில் படக் கோப்புக்குள் பதிவாகின்றன. பெரும்பாலும் சில மீட்டர் துல்லியத்தில் அந்த இடத்துக்கே அவை அழைத்துச் செல்லும். 2012 டிசம்பரில், பெலீஸ் நாட்டுக் காவல்துறை விசாரணைக்குத் தேடிவந்த கணினித் தொழிலதிபர் ஜான் மெக்காஃபியின் படத்தை ஓர் இதழ் தன் தளத்தில் வெளியிட்டது. அதில் தங்கியிருந்த இருப்பிட எண்கள், அவர் குவாத்தமாலாவில் இருப்பதை உலகுக்குக் காட்டிக்கொடுத்தன. படத்தை வெளியிட்டவர்களே அறியாமல் நடந்தது அது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல்கள் அகற்றப்படுகின்றன. அதே படத்தை ஆவணமாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ அனுப்பினால் கூடவே போகின்றன. ஐபோனில் பகிரும் திரையின் மேற்பகுதியிலுள்ள ‘ஆப்ஷன்ஸ்’ என்ற இடத்தில் இருப்பிடத்தை அணைக்கலாம். கேமரா அமைப்பிலேயே அணைத்துவிடுவது இன்னும் எளிது. எண்கள் இல்லாவிட்டாலும் பின்னால் தெரியும் பாறை, கோபுரம், மின்கம்பம் ஆகியவை அந்த வட்டாரத்தை அறிந்தவருக்குப் போதும். கூட்டைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிடக்கூடும். வேட்டைக்காரருக்கும் வழி திறந்துவிடும். இயற்கை ஆர்வலர்கள் தாங்கள் கண்ட உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பதிவுகளில் சரியான புள்ளியை மறைத்து, 0.2 பாகைக்கு 0.2 பாகை அளவுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் பொதுமக்களுக்குக் காட்டுகிறது. அந்த மூத்தவர் உங்கள் மேலுள்ள கோபத்தைவிடப் பறவையின் மேலுள்ள அக்கறையால்தான் பேசியிருப்பார். படத்தை இப்போது எடுத்துவிடுங்கள். குஞ்சுகள் பறந்து சென்ற பின், இடம் தெரியாதபடி வெட்டி மீண்டும் போடலாம்.

கேள்வி: ஒரே நிகழ்ச்சிக்கு நாற்பது படங்களை வரிசையாகப் போடுகிறார்கள். கைபேசி நிறைந்துவிடுகிறது. எப்படிச் சொல்வது?

பதில்: குழு நிர்வாகியைத் தனியே அணுகிப் பொது விதியாக அறிவிக்கச் சொல்லுங்கள், யார் மனமும் நோகாது. 4000க்கு 3000 படப்புள்ளிகள் கொண்ட ஒரு 12 மெகாபிக்சல் படம் பல மெகாபைட் எடுக்கும். நீண்ட பக்கம் 2048 புள்ளிகளாகச் சுருக்கினால் திரையில் பார்க்கத் தாராளமாகப் போதும். சிறந்த நான்கைந்தைக் குழுவில் போட்டுவிட்டு, மீதியை ஓர் ஆல்பத்தில் ஏற்றி அதன் இணைப்பைத் தரலாம். அந்த இணைப்பை யாரெல்லாம் திறக்க முடியும் என்ற அமைப்பையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: நண்பர் ஒருவர் போட்ட படம் இருண்டிருந்தது. நான் அதைச் சரிசெய்து குழுவில் திரும்பப் போட்டேன். அவர் நன்றி சொல்வார் என்று நினைத்தேன், பேசாமல் இருக்கிறார்.

பதில்: அந்த இருட்டு அவர் விரும்பி வைத்ததாக இருக்கலாம். படைப்பைச் சிதைத்துத் தன் மதிப்புக்குக் கேடு விளைவிப்பதை எதிர்க்கும் உரிமை படைப்பாளருக்கு உண்டு என்று பெர்ன் உடன்படிக்கையில் 1928ஆம் ஆண்டே சேர்த்திருக்கிறார்கள். உங்கள் செயல் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் பலர் பார்க்கப் பிறர் படத்தைத் திருத்திக் காட்டுவது, கேளாத இடத்தில் மதிப்பெண் போடுவதற்குச் சமம். தனியே அழைத்து மன்னிப்புக் கேளுங்கள். கருத்துக் கேட்டுப் படம் போடுகிறவரிடமும் முதலில் சொல்லால் சொல்லுங்கள், “திருத்திக் காட்டட்டுமா?” என்று கேட்ட பிறகு கை வையுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியால் வானத்தை மாற்றியிருந்தாலோ ஆளை அகற்றியிருந்தாலோ, அது உங்கள் சொந்தப் படமே ஆனாலும், அதைக் குறிப்பிடாமல் போடாதீர்கள்.

கேள்வி: நான் பார்வையற்றவர். எங்கள் வாசகர் குழுவில் நாளெல்லாம் படங்கள் வருகின்றன. திரையிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் என் திரைவாசிப்பான் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. விவரம் எழுதச் சொல்லிக் கேட்பது மற்றவர்களுக்குத் தொந்தரவாகுமா?

பதில்: ஆகாது, அவசியம் கேளுங்கள். குழுவில் ஒரு படம் போடப்படுகிறதென்றால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான் போடப்படுகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் ஆகியவற்றில் படத்துக்கு மாற்றுரை, அதாவது திரைவாசிப்பான் படித்துக் காட்டும் விவரம், எழுதத் தனி இடமே உண்டு. எழுதாமல் விட்டால் ஃபேஸ்புக் தானாகவே ஊகித்து, ‘மூன்று பேர், வெளிப்புறம்’ என்பது போல எதையாவது சொல்லும். அதனால் உங்களுக்கு என்ன பயன்? “நூலக வாசலில் மூவர் நிற்கிறார்கள், நடுவிலிருப்பவர் பரிசுக் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறார், மற்ற இருவரும் கைதட்டுகிறார்கள்” என்று எழுத அரை நிமிடம் போதும். மாற்றுரைக்கு இடமில்லாத வாட்ஸ்அப்பில் இதையே படத்தின் கீழே எழுதலாம். உங்கள் குழுவினருக்கு நான் இன்னொன்றையும் சொல்வேன்: நிகழ்ச்சி அறிவிப்பை அழகான படமாகச் செய்து போடும்போது, நாள், நேரம், இடம், தொடர்பு எண் ஆகிய நான்கையும் படத்தின் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். கூட்டம் எப்போது என்று இவர் ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அதனால் நீங்கும்.