பேனா கடனா, இரவலா?

கேள்வி: ‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டுக்கும் அகராதியில் ‘கடன்’ என்றே இருக்கிறது. மகள் ‘கேன் யூ பாரோ மீ யுவர் பென்?’ என்று எழுதித் திட்டு வாங்குகிறாள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மகளைத் திட்டாதீர்கள் அம்மா. அது பள்ளியில் காதில் விழும் மலாய். வாங்குவது ‘மெமிஞ்சாம்’, கொடுப்பது ‘மெமிஞ்சாம்கான்’. ஆனால் கேண்டீனில் அதை யார் முழுசாகச் சொல்கிறார்கள்? எல்லாமே ‘பிஞ்சாம்’தான். எழுதுமுன் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட். அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது அந்தக் ‘கடன்’. அகராதி போடுகிறவர்களோடு இது எனக்குப் பழைய சண்டை. பேனாவை யாராவது கடன் வாங்குவார்களா? பேனா இரவல்; வாங்கிய அதே பேனாவைத் திருப்பித் தரவேண்டும். பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு கப் சீனி இரவல் ஆகாது. அது காப்பியில் கரைந்து போயிற்று; வேறு சீனிதான் திரும்பிப் போகும். இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கும் பத்து வெள்ளி கைமாற்று, அதற்கு வட்டி கிடையாது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் பாரோ ஒன்றே போதும். நமக்கோ, அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தருவதற்கு வள்ளுவர் காலத்திலேயே தனிச் சொல் உண்டு: குறியெதிர்ப்பை. 221-ஆம் குறளில் பாருங்கள். இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை மாதிரி என்று பிரித்துச் சொல்கிறார்.

வட்டி வந்துவிட்டால்தான் விவகாரம் வேறு. உங்கள் எதிர்க்கரை ஜார்ஜ்டவுன் பினாங்கு ஸ்திரீட்டில் (பினாங்கு ரோடு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்) செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூரையின் கீழ் பல வட்டிக்கடைகள். தரையில் பாய், முன்னால் ஒரு மரப்பெட்டி, அதுதான் ஆபீஸ். ஈய லம்பத்துக்கும் (சுரங்கம்தான்) ரப்பர் தோட்டத்துக்கும் அங்கிருந்து பணம் போயிற்று. பற்று, வரவு, வட்டி எல்லாம் தமிழில் எழுதினார்கள். கடன் என்றால் அது! அந்த ஊரை எதிரே வைத்துக்கொண்டு பேனாவுக்கும் கடன் என்று படிப்பதா?

அப்புறம், புத்தகம். ‘உங்களிடம் ஒரு புத்தகம் கடன் வாங்கியிருந்தேன்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். நூலகத் துறையில் ‘நூல் இரவல்’ என்று சரியாகவே எழுதுகிறார்கள். அகராதிக்காரர்கள் அங்கே போய்ப் பார்த்தாவது அந்தச் சொல்லை எடுத்துப் போடட்டும்.